டி.என்.கே.: ஓர் ஊசியின் மூன்று எழுத்து

"லைஸ் பண்ணலாமா?" "விண்டோக்குள்ள இருக்காரா?" "டி.என்.கே. எடுங்க." மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைத்து, ஒரு பக்கம் கைகால் விழுந்து வந்தவரைச் சுற்றி நின்று அவசரப் பிரிவில் பேசிக்கொள்வது இப்படித்தான். வெளியே காத்திருக்கும் மகனிடமோ மருமகளிடமோ அதையே "கட்டியக் கரைக்கிற ஊசி போடப்போறோம், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். டி.என். என்றதும் நமக்கு வண்டியின் நம்பர் பலகைதான் நினைவுக்கு வரும். தாம்பரத்துக்காரர்களுக்கு டி.என். 11. இந்த டி.என்.கே.வுக்கும் தமிழ்நாட்டுக்கும் சம்பந்தமில்லை. மருந்தின் முழுப்பெயர் டெனெக்டெப்ளேஸ். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அந்த மூலக்கூறில் எந்தெந்த இடத்தில் கைவைத்து மாற்றினார்கள் என்ற விவரத்தைத் தன் முதல் எழுத்துகளிலேயே ஏந்தி நிற்கும் பெயர். மருந்துக்கடை அலமாரியில் இவ்வளவு ஒளிவுமறைவில்லாத பெயர்கள் அதிகம் கிடையாது.

நோயின் பெயரை முதலில் பார்த்துவிடலாம். பக்கவாதம், பட்சவாதம், பாரிசவாயு, பாரிசவாதம். பாரிசம் என்பது வடமொழிப் பார்சுவத்தின் தமிழ் உருவம், பொருள், பக்கம். பக்கம் தமிழ்ச்சொல்லா, பட்சத்தின் திரிபா என்று அகராதிக்காரர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. வாதமும் வாயுவும் காற்று. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் புறநோயாளிப் பிரிவில் இன்றும் இந்தச் சொற்கள்தான் புழங்குகின்றன. யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பது என்று வகைப்படுத்துகிறது. முடிச்சூர், படப்பை பக்கத்துக் கிராமங்களில் கேட்டால் இன்னும் நேராகச் சொல்வார்கள்: "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு", "வாய் கோணிடுச்சு", "கைகால் வுழுந்துடுச்சு". ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக் என்றால் அடி. அதற்கு முன் அங்கே வழங்கிய அப்போப்ளெக்ஸி என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அடித்து வீழ்த்துவது என்றே பொருள்.

இவை எல்லாமே வெளியே நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர்கள். உள்ளே நடந்தது அடைப்பா, கசிவா என்று எந்தப் பெயரும் சொல்வதில்லை. பெரும்பாலான பக்கவாதங்கள் ரத்தக்குழாய் அடைபடுவதால் வருபவை. மற்றவை குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவதால் வருபவை. இரண்டிலும் வாய் ஒரே மாதிரிதான் கோணும், கை ஒரே மாதிரிதான் தொங்கும். மருந்து மட்டும் நேரெதிர். அடைப்புக்குக் கட்டியைக் கரைக்க வேண்டும். கசிவில் அதே ஊசியைப் போட்டால் ஆள் பிழைப்பது அரிது. சி.டி. ஸ்கேன் பார்க்காமல் எவரும் ஊசியைத் தொடாததற்குக் காரணம் இதுதான். மாரடைப்புக்குச் சொல்லக் கேட்டதை வைத்துக்கொண்டு, வாய் கோணியவுடன் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்கும் பழக்கம் ஆபத்தானதாவதும் இதனால்தான். விழுங்கவே முடியாத நிலையில் இருப்பவருக்கு மாத்திரை புரையேறும் என்பது தனிக்கதை.

ஆஸ்பிரின் என்ற பெயரிலும் ஒரு வேதியியல் ஒளிந்திருக்கிறது. 1899இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் வைத்த பெயர். ஸ்பைரியா என்ற செடியிலிருந்து கிடைத்த அமிலத்துக்கு ஜெர்மன் மொழியில் 'ஸ்பிர் அமிலம்' என்று பெயர். சாலிசிலிக் அமிலம் என்று நாம் அறிவது அதைத்தான். அதன் மீது அசெட்டைல் என்ற சிறு துணுக்கைப் பொருத்தியதால் முன்னால் ஓர் 'ஆ', பின்னால் அக்கால மருந்துப் பெயர்களின் வழக்கமான 'இன்'. அசெட்டைல் எதற்கு என்று கேட்டால், வயிற்றை அவ்வளவாகக் கெடுக்காது என்றார்கள். அந்த 'ஆ'வின் உண்மையான வேலை எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் தெரியவந்தது. ரத்தத் தட்டணுவுக்குள் இருக்கும் ஒரு நொதியின் மீது ஆஸ்பிரின் தன் அசெட்டைலைக் கழற்றி ஒட்டிவிட்டுப் போகிறது. ஒட்டியது ஒட்டியதுதான். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது என்பதால் புது நொதி செய்துகொள்ள வழியில்லை. வாழும் ஏழு முதல் பத்து நாள் வரை அது மற்றவற்றோடு சேர்ந்து கட்டியாவதில் மந்தமாகவே இருக்கும். ஸ்டென்ட் வைத்தவர், ஒருமுறை பக்கவாதம் வந்து தேறியவர் இருக்கும் வீடுகளில் எல்லாம் பிரிட்ஜின் மேல் கிடக்கும் எகோஸ்பிரின் 75 அட்டையின் சூட்சுமம் அந்த ஒற்றைத் துணுக்கில் இருக்கிறது. அசெட்டைலை எடுத்துவிட்டால் வலிக்குக் கொஞ்சம் கேட்கும். தட்டணுவிடம் அதன் பாச்சா பலிக்காது.

ஆனால் ஆஸ்பிரின் புதுக் கட்டி சேராமல் தடுக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே அடைத்து நிற்பதை அதனால் கரைக்க முடியாது. கரைக்கும் மருந்துகளின் பெயர் வரிசையில் மூத்தது ஸ்ட்ரெப்டோகைனேஸ். ஸ்ட்ரெப்டோஸ் என்றால் முறுக்கிய சங்கிலி. சங்கிலி சங்கிலியாக வளரும் கிருமிக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று 1874இல் பெயர் வைத்தவர் வியன்னாவின் அறுவை மருத்துவர் பில்ரோத். தொண்டைப் புண்ணை உண்டாக்கும் அந்தக் கிருமி வளர்ந்த திரவம் மனித ரத்தக்கட்டியைக் கரைக்கிறது என்று 1933இல் அமெரிக்காவில் டில்லெட், கார்னர் இருவரும் கண்டார்கள். 1945இல் அதற்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்று பெயர் சூட்டப்பட்டது. கைனேஸ் என்ற பின்னொட்டு இன்று பாஸ்பேட்டை இடம் மாற்றும் நொதிகளுக்கு உரியது. இந்தப் பெயரிலுள்ள கைனேஸோ பழைய பொருளில் வந்தது: தூங்கும் இன்னொரு நொதியைத் தட்டி எழுப்புவது. கறாராகப் பார்த்தால் ஸ்ட்ரெப்டோகைனேஸ் நொதியே அல்ல. 414 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதம், நம் ரத்தத்தில் செயலற்று மிதக்கும் பிளாஸ்மினோஜனைக் கட்டிப்பிடித்து அதன் உருவத்தையே வளைத்துவிடுகிறது. பிடியில் சிக்கிய பிளாஸ்மினோஜன் மற்ற பிளாஸ்மினோஜன்களை வெட்டிப் பிளாஸ்மினாக்குகிறது. பிளாஸ்மின்தான் கட்டியின் நார்களை, அதாவது ஃபைப்ரினை, அறுக்கும் கத்தரி.

இந்த மருந்தில் நம் வட்டாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தில் (இம்டெக்) கிரிஷ் சாஹ்னியின் குழு ஸ்ட்ரெப்டோகைனேஸை மரபணு முறையில் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தது. அதைக் கையில் வாங்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது சென்னையின் ஷாசன் நிறுவனம். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் ஆராய்ச்சி மையம் வைத்திருந்த, 2015இல் ஸ்ட்ரைட்ஸோடு இணைந்துபோன அதே ஷாசன். வெளிநாட்டு ஊசியின் விலையைக் கேட்டே மாரடைப்பு வரும் காலத்தில், மாரடைப்புக்கு ஏழைகளும் எட்டிப் பிடிக்கக்கூடிய மருந்தாக ஸ்ட்ரெப்டோகைனேஸ் இருந்தது.

மூளைக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. 1990களின் நடுவில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த மூன்று பெரிய ஆய்வுகளில், பக்கவாதத்துக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டவர்களிடையே மூளைக் கசிவும் தொடக்கநாள் சாவும் கூடின. ஆய்வுகளைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. தவறு மூலக்கூறின் அமைப்பில் இருந்தது என்று அப்போது பலர் சொன்னார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸுக்கு ஃபைப்ரினைப் பற்றிக்கொள்ளும் உறுப்பு எதுவும் கிடையாது. கட்டி எங்கே, வெறும் ரத்தம் எங்கே என்று தெரியாமல் ஓடுகிற இடமெல்லாம் பிளாஸ்மினை அவிழ்த்துவிடும். பாதி சேதமான மூளையின் நைந்த குழாய்கள் அதைத் தாங்கவில்லை என்றார்கள்.

கட்டியை அடையாளம் தெரிந்துகொள்ளும் மருந்து நம் உடம்பிலேயே இருக்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் அணுக்கள் சுரக்கும், பிளாஸ்மினோஜனை வெட்டிப் பிளாஸ்மினாக்கும் டி.பி.ஏ. பெல்ஜியத்தின் லூவன் நகரில் தேசிரே கொலன் குழு ஒருவகைத் தோல்புற்று அணுக்களை வளர்த்து அதைப் பிரித்தெடுத்தது. அமெரிக்காவின் ஜெனன்டெக்கில் டயான் பென்னிகா அதன் மரபணுவை 1980களின் தொடக்கத்தில் நகலெடுத்தார். மருந்தாக வந்தபோது அதற்கு வைத்த பெயர் அல்டெப்ளேஸ். இந்த 'டெப்ளேஸ்' உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த பொதுப்பெயர் விகுதி, டி.பி.ஏ. குடும்பத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுவே குடும்பப்பெயர். அதன் கடைசியிலுள்ள 'ஏஸ்' இன்னும் பழையது. 1833இல் பயன், பெர்சோஸ் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த பொருளுக்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் லாக்டேஸ், அமைலேஸ் என்று நொதிகள் எல்லாம் பின்னால் வரிசைகட்டின.

டி.பி.ஏ. 527 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி. அது ஐந்து பகுதிகளாக மடிந்திருக்கிறது. முன்னால் 'விரல்', அடுத்து வளர்ச்சிக்காரணி ஒன்றின் சாயல், பிறகு இரண்டு 'கிரிங்கிள்', கடைசியில் வெட்டும் பகுதி. கிரிங்கிள் என்பது டென்மார்க்கில் சுடும் பின்னல் ரொட்டி. எண்பது சொச்சம் அமினோ அமிலங்கள் வளைந்து வளைந்து, மூன்று இடங்களில் கந்தகப் பிணைப்பால் தைக்கப்பட்டுக் கிடக்கும் அந்த உருவத்தைத் தாளில் வரைந்தபோது, டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஆய்வு செய்த ஸ்டாஃபன் மாக்னுசனுக்கு ஊர்ப் பலகாரம் ஞாபகம் வந்துவிட்டது. நம்மூர் ஆய்வாளர் எவராவது முதலில் வரைந்திருந்தால் உலகத்துப் பாடநூல்கள் எல்லாம் அதைக் கைமுறுக்கு என்று எழுதிக்கொண்டிருக்கும்.

இந்த முறுக்கின் நடுவில் லைசின் என்ற அமினோ அமிலம் சரியாகப் பொருந்தும் ஒரு குழி இருக்கிறது. டி.பி.ஏ.யின் இரண்டாவது கிரிங்கிளில் அது நன்றாக வேலை செய்யும். கட்டியின் நார்களைப் பிளாஸ்மின் அறுக்க அறுக்க, அறுபட்ட நுனிகளில் லைசின்கள் வெளியே நீட்டிக்கொள்ளும். குழி அவற்றைக் கவ்விக்கொள்ளும். ஆக, எந்தக் கட்டி கரையத் தொடங்கியதோ அதே கட்டியில்தான் மருந்து மேலும் மேலும் குவிகிறது. மாதப்போக்கு அளவுக்கு மீறினால் மகப்பேறு மருத்துவர்கள் எழுதித்தரும் ட்ரானெக்சாமிக் ஆசிட்டை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். ஜப்பானில் உதகோ ஒகமோதோவும் அவர் கணவரும் 1962இல் வெளியிட்ட அந்த மருந்து, லைசினைப் போலவே இருக்கும் போலி. பிளாஸ்மினோஜனின் கிரிங்கிள் குழிகளில் போய் உட்கார்ந்துகொண்டு நிஜ லைசினை உள்ளே விடாது. கட்டி கரையாது, போக்கு நிற்கும். ஒரே குழிதான்: ஒரு மருந்து அதை நிரப்புகிறது, இன்னொரு மருந்துக்கு அது காலியாக இருந்தாக வேண்டும்.

1995இல் அமெரிக்காவின் நிண்ட்ஸ் ஆய்வு, 3 மணி நேரத்துக்குள் அல்டெப்ளேஸ் போட்டால் பக்கவாத நோயாளிகள் மேலும் பலர் ஊனமின்றித் தேறுகிறார்கள் என்று காட்டியது. 2008இல் அந்த எல்லை நாலரை மணி நேரமாக நீண்டது. 'விண்டோ' என்று அவசரப் பிரிவில் சொல்வது இதைத்தான்; "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் இதற்காகத்தான். பெரிய குழாய் ஒன்று அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் வீதம் அழிகின்றன என்பது ஜெஃப்ரி சேவர் என்ற நரம்பியல் மருத்துவர் 2006இல் போட்ட கணக்கு.

அல்டெப்ளேஸின் தொல்லை அதன் அற்ப ஆயுள். ரத்தத்தில் சுமார் 5 நிமிடத்தில் பாதி காலி. கல்லீரல் பிடித்துத் தின்றுவிடும். ஆகவே எடைக்குக் கணக்கிட்ட மருந்தில் பத்தில் ஒரு பங்கை முதலில் ஊசியாகத் தள்ளி, மீதியை ஒரு மணி நேரம் பம்ப் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். போதாததற்கு, பி.ஏ.ஐ.-1 என்று நம் ரத்தத்தில் ஒரு தடுப்புப் புரதம் இருக்கிறது, டி.பி.ஏ.வைக் கண்டால் கவ்விக்கொண்டு செயலிழக்க வைக்கும். இந்த இரண்டு குறைகளையும் தீர்க்க ஜெனன்டெக்கில் புரூஸ் கெய்ட்டும் சகாக்களும் மூலக்கூறில் மூன்று இடங்களைத் திருத்தி 1994இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்த மூன்று இடங்களில் முன்பு இருந்த அமினோ அமிலங்களின் சுருக்கெழுத்துகள்தான் டி, என், கே.

இந்தச் சுருக்கெழுத்து முறையைக் கொடுத்தவர் மார்கரெட் டேஹாஃப். 1960களில் புரதங்களின் வரிசைகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கியபோது, இருபது அமினோ அமிலங்களுக்கும் ஓரெழுத்துப் பெயர் வைத்தார். த்ரியோனினுக்கு அதன் முதலெழுத்தான டி கிடைத்தது. அஸ்பராஜினுக்கு ஏ கிடைக்கவில்லை, அலனின் முந்திக்கொண்டது. பெயருக்குள்ளேயே இருக்கும் 'ன்' ஒலியை எடுத்து என் என்றார்கள். லைசினுக்குரிய 'எல்' எழுத்தை லூசின் பிடித்துக்கொண்டதால், அகரவரிசையில் எல்லுக்குப் பக்கத்து வீடான கே.யில் லைசின் குடியேறியது. குளூட்டமினுக்கு வேறு வழியில்லாமல் கியூ: 'கியூ-டமின்' என்று சொல்லிப் பார்த்தால் கொஞ்சம் ஒத்துவரும் என்பதுதான் அதற்குச் சொல்லும் சமாதானம். அன்றைக்குக் கணினியில் இடம் பணம். அதனால் பிறந்த இந்தச் சில்லறைச் சமரசங்கள் இன்று ஒரு மருந்தின் பெயராக நிற்கின்றன.

இதில் என்னை அதிகம் இழுத்தது அஸ்பராஜின். 1806இல் பாரிஸில் லூயி நிக்கோலா வோக்லானும் ரோபிக்கேயும் அஸ்பராகஸ் தண்டின் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தது. அமினோ அமிலங்களிலேயே முதலில் பிரிக்கப்பட்டது இதுதான். அஸ்பராகஸ் நமக்கு அந்நியமில்லை. சித்த மருத்துவர்கள் எழுதித்தரும் தண்ணீர்விட்டான் கிழங்கு அதே குடும்பத்துச் செடியின் வேர். அந்தக் கிழங்குக்கும் கட்டி கரைப்பதற்கும் தொடர்பு கற்பித்து நாளை வாட்ஸ்அப்பில் எவரும் அனுப்ப வேண்டாம். தொடர்பு பெயரில் மட்டும்தான். இதே வோக்லான்தான் 1797இல் சைபீரியாவின் செந்நிறத் தாது ஒன்றில் குரோமியத்தைக் கண்டுபிடித்தவர். வண்ணத்துக்குக் கிரேக்கத்தில் குரோமா. தோலைப் பதப்படுத்தக் குரோமிய உப்பைப் பயன்படுத்தும் முறை வந்து, சேம்பர்ஸின் குரோம் லெதர் கம்பெனி பல்லாவரத்துக்குத் தெற்கே உருவாகி, அதைச் சுற்றி வளர்ந்த பேட்டைக்குக் குரோம்பேட்டை என்று பெயர் விழுந்தது. சானடோரியத்துக்கு முந்தைய ஸ்டேஷனின் பெயரும், டி.என்.கே.யின் நடு எழுத்தும் ஒரே பிரெஞ்சுக்காரரின் மேசையிலிருந்து கிளம்பியவை.

இனி திருத்தங்கள். முதல் இரண்டும் முதல் கிரிங்கிளில் நடந்தவை. 117ஆம் இடத்தில் இருந்த அஸ்பராஜினின் மேல் மன்னோஸ் நிறைந்த ஒரு சர்க்கரைக் கிளை ஒட்டியிருக்கும். கல்லீரல் டி.பி.ஏ.வை அடையாளம் கண்டு இழுத்துக்கொள்ள அந்த மன்னோஸும் ஒரு வழி. அங்கே குளூட்டமினை வைத்தார்கள். சர்க்கரை ஒட்ட இடமில்லாமல் போயிற்று. 103ஆம் இடத்துத் த்ரியோனினை எடுத்துவிட்டு அஸ்பராஜினை வைத்தார்கள். அங்கே வேறுவகைச் சர்க்கரை ஒன்று புதிதாக ஒட்டிக்கொண்டது. அதைக் கல்லீரல் அவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்வதில்லை. பெயரிலுள்ள என் போனது, டி இருந்த இடத்துக்கு என் வந்தது. பெயர் குறித்துவைத்திருப்பது வெளியேறியவர்களைத்தான், வந்தவர்களை அல்ல. மூன்றாவது திருத்தம் வெட்டும் பகுதியில். 296 முதல் 299 வரை லைசின், ஹிஸ்டிடின், ஆர்ஜினின், ஆர்ஜினின் என்று நேர்மின்னேற்றம் கொண்ட நால்வர் வரிசையாக நிற்பார்கள். பி.ஏ.ஐ.-1 வந்து பிடிக்கும் கைப்பிடி அதுதான். நால்வரையும் நீக்கி, எந்த மின்னேற்றமும் இல்லாத அலனின்கள் நான்கை நிறுத்தினார்கள். நால்வரில் முதல்வரான லைசினின் பெயரால் கே. 527இல் மாறியது மொத்தம் ஆறே ஆறு. சோதனைக்கூடத்தில் விளைவு பெரிது: ஆயுள் 20 நிமிடத்துக்கு மேல் நீண்டது, பி.ஏ.ஐ.-1க்கு எதிரான தாக்குப்பிடிப்பு 80 மடங்கு. ஃபைப்ரினைத் தேர்ந்து தாக்கும் தன்மை 14 மடங்கு. சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியதில்லை. ஐந்தே விநாடியில் ஒரே தள்ளு.

80 மடங்கு, 14 மடங்கு என்று கேட்டவுடன் நோயாளிகளும் அந்த அளவுக்கு எழுந்து நடப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். கனடாவில் 1,577 பேரை வைத்து நடந்து 2022இல் வெளியான ஆக்ட் ஆய்வு காட்டியது இது: கிட்டத்தட்ட ஊனமின்றித் தேறியவர்கள் டெனெக்டெப்ளேஸில் 36.9 சதவீதம், அல்டெப்ளேஸில் 34.8. மூளைக் கசிவும் ஏறத்தாழ சமம். குறைந்ததல்ல என்று நிரூபணமானது. உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. பெரிய குழாய் அடைத்தவர்களிடம் மட்டும், 2018இல் 202 பேரிடம் நடந்த ஆய்வொன்றில், கம்பி விட்டுக் கட்டியை இழுக்கப் போகும் முன்பே ரத்தம் மீண்டும் ஓடத் தொடங்கியவர்கள் 22 சதவீதம், அல்டெப்ளேஸில் 10. என் கணக்கில் அந்த ஆறு மாற்றங்கள் கொடுத்த பெரிய லாபம் தாம்பரம் போன்ற இடத்தில்தான் தெரியும். கூடுவாஞ்சேரியிலோ மண்ணிவாக்கத்திலோ விழுந்தவரைப் பக்கத்தில் சி.டி. உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு, கட்டியை இழுத்தெடுக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு ஜி.எஸ்.டி. சாலையில் அனுப்ப வேண்டும். அல்டெப்ளேஸ் என்றால் ஓடும் ஆம்புலன்ஸில் ஒரு மணி நேரம் பம்ப், அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒரு நர்ஸ், இரும்புலியூர் நெரிசலில் அலறும் அலாரம். டி.என்.கே. என்றால் கிளம்பும்போதே மருந்து முழுக்க உள்ளே போய்விட்டிருக்கும்.

அமெரிக்கா இதைப் பக்கவாதத்துக்கு அனுமதித்தது 2025 மார்ச்சில்தான். மாரடைப்புக்கு 2000த்திலேயே அனுமதித்தாயிற்று. இந்தியா இந்த ஒரு விஷயத்தில் பல ஆண்டுகள் முந்திக்கொண்டது. புனேயின் ஜெனோவா நிறுவனம் தயாரிக்கும் டெனெக்டெப்ளேஸ் மாரடைப்புக்கு எலாக்சிம், பக்கவாதத்துக்கு டெனெக்டேஸ் என்று இரண்டு பெயர்களில் வருகிறது. உள்ளே இருப்பது ஒரே பொருள் என்றால் எதற்கு இரண்டு பெயர் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். மாரடைப்புக்கு எடையைப் பொறுத்து 30 முதல் 50 மில்லிகிராம் வரை போகும். மூளைக்கு இங்கே கிலோவுக்கு 0.2, மேலைநாடுகளில் 0.25. 70 கிலோ ஆளுக்கு 14 அல்லது 17.5 மில்லிகிராம், அவ்வளவே. கிலோவுக்கு 0.4 வரை கொடுத்துப் பார்த்த நார்வே ஆய்வைக் கசிவு மிகுந்ததால் இடையில் நிறுத்தினார்கள். டி.என்.கே., டி.பி.ஏ. என்ற சுருக்கங்களே வில்லங்கமானவை. அவசரத்தில், முகக்கவசத்துக்குப் பின்னாலிருந்து சொன்னால் காதில் ஒன்றுபோல விழும், டி.பி.ஏ.யின் அளவோ கிலோவுக்கு 0.9. மருந்துப் பிழைகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்புகள் முழுப்பெயரையே எழுதுங்கள் என்று ஆண்டுக்கணக்காகக் கெஞ்சுகின்றன. வாயில் நுழையாவிட்டாலும் இந்தப் பெயரை முழுசாகச் சொல்லப் பழகத்தான் வேண்டும்.

டெப்ளேஸ் குடும்பத்தில் இன்னும் இருவரின் கதை பாக்கி. ஒருவர் டெஸ்மோடெப்ளேஸ். தென்னமெரிக்காவில் மாட்டு ரத்தம் குடிக்கும் டெஸ்மோடஸ் வௌவாலின் எச்சிலிலிருந்து வந்தவர். பெயரின் முற்பாதி வௌவாலுடையது. கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் இருந்தால்தானே அதற்குச் சாப்பாடு. ஃபைப்ரின் இல்லாத இடத்தில் இந்த மூலக்கூறு ஏறக்குறைய தூங்கும். கட்டியைத் தொட்டால்தான் விழிக்கும். ஸ்ட்ரெப்டோகைனேஸின் பிழையிலிருந்து பாடம் கற்றவர்கள் கனவு கண்ட குணம் இதுதான். 3 முதல் 9 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை, மருந்து கைவிடப்பட்டது.

இன்னொருவர் ரெட்டெப்ளேஸ். இவர் பெயரில் எந்த இடத்தை வெட்டினார்கள் என்ற குறிப்பே இல்லை. ஆனால் வெட்டு பலமானது: விரலும், வளர்ச்சிக்காரணிச் சாயலும், முதல் கிரிங்கிளும் போய் 355 அமினோ அமிலங்கள்தான் மிச்சம். ஈ. கோலை என்ற பாக்டீரியாவில் தயாரிப்பதால் சர்க்கரையும் ஒட்டுவதில்லை. கட்டியைப் பற்றும் விரல் இல்லாததால் ஃபைப்ரின் பிடிப்பு அல்டெப்ளேஸைவிடக் குறைவு. ஏட்டுக்கணக்குப்படி இவர் பின்தங்க வேண்டும். சீனாவில் 1,412 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ரெய்ஸ் ஆய்வில், நன்றாகத் தேறியவர்கள் ரெட்டெப்ளேஸில் 79.5 சதவீதம், அல்டெப்ளேஸில் 70.4. மண்டைக்குள் ஏதேனும் ஒரு கசிவு ஏற்பட்டவர்களும் இதில் கூடுதல்தான்: 7.7க்கு 4.9. இறுகப் பிடிக்காத மூலக்கூறு கட்டியின் மேற்பரப்பிலேயே சிக்கி நிற்காமல் உள்ளே ஊடுருவிப் போகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். டி.என்.கே.வைச் செய்தவர்கள் ஃபைப்ரினைத் தேர்ந்து தாக்கும் தன்மையைக் கூட்டினார்கள். ரெட்டெப்ளேஸைச் செய்தவர்கள் பிடியைத் தளர்த்தினார்கள். இதைப் போடும் முறையும் வேறு: 18 மில்லிகிராம் ஒருமுறை, அரை மணி கழித்து இன்னொரு 18. நோயாளியின் எடையைக் கேட்க வேண்டியதில்லை.